ஃபைலில் இருக்கும் வாய்

என் மகளின் வாயைத் திறந்து பார்க்க அந்தப் பல் மருத்துவமனையில் ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது என்பது, மூன்றாவது தடவை போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் இரண்டு தடவையும் ஏதோ கூட்டம், நேரமில்லை, அதனால் பார்க்கவில்லை என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனுசன் எதற்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறான் பாருங்கள். பல் டாக்டர் வாயைப் பார்க்கவில்லை என்றால், அந்த நிமிஷமே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏசி நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மகளுக்குப் பதினாலு வயது. வீட்டில் வாயாடி என்று கூப்பிடுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. மேல்வரிசையில் வலது பக்கம் அவளுக்கு ஒரு சிங்கப்பல். இடம் கிடைக்காமல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி நிற்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் "அது அதிர்ஷ்டம், இருக்கட்டும்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கெல்லாம் பல் வரிசையாகத்தான் இருக்கும். ஏழாம் வகுப்பு வரைக்கும் அதைக் காட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தவள், எட்டாம் வகுப்பில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒன்பதாம் வகுப்பில் சிரிப்பதையே விட்டுவிட்டாள். பேச்சும் குறைந்துபோனது. ஒருநாள் என் மனைவி, "என்னங்க, கரண்ட் போன வீடு மாதிரி இருக்கு. அவ பேசாம எனக்கு வேலையே ஓடல. எதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு வந்த ஒரு பல் டாக்டரம்மா அரை நிமிஷம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார். "வலது பக்கம் சிங்கப்பல்லுக்குப் பின்னாடி இருக்கற ஒரே ஒரு பல்லை எடுத்துடுங்க. இடம் கிடைச்சிடும். அப்புறம் கிளிப் போட்டா தானா எறங்கி வந்து உக்காரும். இடது பக்கம் அழகா இருக்கு, அதுல யாரையும் கை வைக்க விடாதீங்க." இவ்வளவுதான். ஒரு பல். வலது பக்கம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஒரு வரியை அந்த மருத்துவமனைக்குப் புரியவைக்க எனக்கு நாலு மாசம் ஆனது.

எங்கள் ஊரில் பல்லைச் சீராக்கும் கிளினிக்குகள் மூன்று. மூன்றுமே ஒரே பெரிய டாக்டருடையவை. எந்த வாசலில் நுழைந்தாலும் அதே ஃபைல்தான் எழுந்து வந்து நிற்கும். அதனால் வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்று என்னிடம் யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

உள்ளே போனால் ஆஸ்பத்திரி வாசனையே இல்லை. புதினா வாசனையை எங்கிருந்தோ குழாய் வைத்து ஊற்றுகிறார்கள். வரவேற்பறையில் இருந்த பெண்கள் எல்லாரும் எட்டுப் பல் தெரிகிற மாதிரி சிரித்தார்கள். எட்டுப் பல் என்று நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. மேஜைக்குப் பின்னால் 'குறைந்தது எட்டுப் பல்' என்று அவர்களுக்கு ஒரு அறிவிப்பே ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பு வெல்வெட்டின்மேல், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குட்டிக் கண்ணாடிகள் நாற்பது ஐம்பது வரிசையாக அடுக்கியிருந்தன. கீழே பித்தளைத் தகட்டில் 'இருண்ட காலத்துக் கருவிகள்' என்று பொறித்திருந்தார்கள். வாயாடி அதைப் படித்துவிட்டு, "அப்பா, அப்ப இப்ப எதுல பாப்பாங்க?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்து கேட்ட கேள்வி.

கையில் டேப்லெட்டோடு ஓர் அம்மா வந்தார். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, டேப்லெட்டைத்தான் பார்த்தார். நான் அவரை டேப்லெட்டம்மா என்றே சொல்லப்போகிறேன்.

"வெல்கம் சார். பாப்பாவோட ஃபைல் இருக்கா?"

"பாப்பாவே இருக்கா" என்றேன்.

"அது சரி சார். ஃபைல் இருக்கா?"

ஃபைல் இல்லை என்றதும் அவர் முகத்திலிருந்த எட்டுப் பல் ஆறாகக் குறைந்தது. ஃபைலை நாங்கள்தான் வீட்டில் தயாரிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு ஆப். ஆப்பை இறக்கி, பன்னிரண்டு படம் எடுத்து அனுப்பினால், கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து ஒரு வாயைக் கட்டிவிடுமாம். இதோ வாயே வந்து நிற்கிறதே, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்களேன் என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "நாங்க பேஷண்டத் தொந்தரவு பண்றதில்ல சார்" என்றார்.

சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் குளியலறையில் நடந்ததை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். உதட்டை இழுத்துப் பிடிக்க இரண்டு கரண்டி வேண்டும் என்று ஆப் சொன்னது. என் மனைவி இரண்டு பக்கமும் கரண்டியைப் போட்டு இழுத்தாள். நான் டார்ச் பிடித்தேன். வாயாடி போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள், ஏனென்றால் திரையில் தெரியும் பச்சை வட்டத்துக்குள் பல்லைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அதனால் முன்பக்கக் கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு படத்துக்கும் ஆப் ஒரு குறை சொன்னது. வெளிச்சம் போதவில்லை. எச்சில் அதிகம். ஒன்பதாவது படத்துக்கு, 'உங்கள் புன்னகையில் மகிழ்ச்சி போதவில்லை' என்றது. கண்ணில் தண்ணீரோடு, வாயில் இரண்டு கரண்டியோடு பிள்ளை நிற்கிறது, மகிழ்ச்சி போதவில்லையாம்.

"அவ சந்தோசமாச் சிரிக்கறவளா இருந்தா உன்கிட்ட எதுக்குடா வர்றோம், கட்டையில போறவனே" என்று என் மனைவி போனைப் பார்த்துத் திட்டினாள். அதற்கும் ஆப், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றது.

இரண்டாவது தடவை போனபோது எங்களை ஒரு இருட்டு அறைக்குக் கூட்டிப் போனார்கள். சினிமா தியேட்டர் மாதிரி சாய்ந்த நாற்காலிகள், எதிரே சுவர் அளவுக்குத் திரை. விளக்கு அணைந்தது. வயலின் வாசித்தார்கள். இருட்டிலிருந்து என் மகளின் பல்வரிசை, ஆளுயரத்துக்கு, ஈறும் எலும்புமாக மிதந்து வந்தது. பெற்ற பிள்ளையின் வாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அளவுக்கு, அந்த இசையோடு, யாரும் யார் வாயையும் பார்க்கக் கூடாது. ஒரு பல் தானாகக் கழன்று வானத்தில் போய் மறைந்தது. சிங்கப்பல் நடந்து வந்து காலி இடத்தில் உட்கார்ந்தது. வாணவேடிக்கை வெடித்தது. கூட நின்ற ஊழியர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் மட்டும் தட்டவில்லை. சிங்கப்பல் இடது பக்கம் இருந்தது.

சொன்னேன். டேப்லெட்டம்மா என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சார், எதிர்ல நின்னு பாக்கறப்ப அவங்க வலது உங்களுக்கு இடதாத்தான் தெரியும். எல்லாப் பேரண்ட்ஸும் கேக்கற டவுட்தான்."

அது தெரியாதவனா நான்? அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன். என் தொழிலே அதுதான். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டு மெஷினில் வெட்டுவது. அதனால், பழைய ஆள், புதுசென்றால் பயம் என்று என்னை ஒதுக்கிவிட முடியாது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுகிற எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். ஆம்புலன்ஸின் நெற்றியில் ஒட்டுவதையும் திருப்பித்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் நேராகப் படிப்பான். திரும்பிய எழுத்தை நேர் எழுத்துப் போலவே படிக்கிற கண் என்னுடையது. திரையில் பல்லுக்குக் கீழே ஓரமாக நாங்கள் எடுத்து அனுப்பிய படமும் சின்னதாக இருந்தது, அதில் வாயாடியின் பள்ளிச் சட்டைப் பையில் தைத்திருந்த முத்திரை கொஞ்சம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் அப்படியே திரும்பியிருந்தது.

"அந்த பேட்ஜப் படிங்க" என்றேன்.

டேப்லெட்டம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தார். "புரியல சார். வேற லாங்குவேஜா?"

"திரும்பியிருக்கு. முன்னாடி கேமரால எடுத்ததால படம் மொத்தமும் கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா விழுந்திருக்கு. எழுத்து திரும்பியிருக்குன்னா பல்லும் திரும்பித்தானே இருக்கும்?"

அவர் டேப்லெட்டில் எதையோ தட்டினார். எதையோ படித்தார். நிம்மதியாகச் சிரித்தார், எட்டுப் பல்லும் வந்தது. "பேட்ஜ் ட்ரீட்மெண்ட்ல வராது சார். எங்க சாஃப்ட்வேர் பல்லை மட்டுந்தான் பாக்கும்."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

மூன்றாவது தடவை, பெரிய டாக்டரையே பார்த்துவிடுவது என்று போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அவர் அறையில் மேஜை, நாற்காலி, மூன்று திரை தவிர ஒன்றுமில்லை. பல் டாக்டர் அறையில் இருக்கிற அந்தச் சாய்வு நாற்காலிகூட இல்லை. அவருடைய பல் குளியலறை டைல்ஸ் போல ஒரே வெள்ளையாக, ஒரே அளவாக இருந்தது. நான் முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து நின்றார். ஒரே ஒரு ஆளுக்கு எதிரே எழுந்து நின்று பிரசங்கம் செய்கிற மனுசனை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"உங்க கவலை எனக்குப் புரியுது. ஒரு காலத்துல நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். இருபது வருஷம்! எத்தனை வாய், எத்தனை நாத்தம்! சொல்லக் கூடாது, சொல்றேன். சாப்பிட்டுட்டு அப்படியே வருவாங்க. இருமுவாங்க. ஒருத்தன் கடிச்சே வெச்சான். அப்பதான் யோசிச்சேன், இந்த மருத்துவத்துல அசுத்தமான விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், பேஷண்ட். அவனை எடுத்துட்டா எல்லாமே சுத்தம்! இன்னிக்கு நான் ஒரு வாயைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. பெருமையாச் சொல்றேன். ரெண்டு வருஷத்துல ஆயிரத்து நூத்தி நாப்பது ஃபைலுக்கு வைத்தியம் பாத்திருக்கேன். ஒரு ஃபைல்கூட இதுவரைக்கும் வலிக்குதுன்னு சொன்னதில்ல."

நான் கை தட்ட வேண்டுமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"சார், புள்ள வெளியதான் உக்காந்திருக்கா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டா..."

"வேண்டாம்!" உண்மையாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் பாத்துட்டா அது நேரடிப் பார்வை ஆயிடும். நேரடிப் பார்வைக்கு எங்க சிஸ்டத்துல இடமே இல்ல. நான் பாத்தது ஒண்ணு, ஃபைல் சொல்றது ஒண்ணுன்னு ஆச்சுன்னா, யார நம்பறது? ஒரு மனுஷனோட கண்ணையா?"

தானமாகக் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இங்கே பல்லைப் பார் என்று பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அன்றைக்கு என் வாயில் வந்ததை அப்படியே விழுங்கினேன். பிள்ளை காரியம், விழுங்கித்தான் ஆக வேண்டும்.

என் புகாரை, ஃபைல் சரியா என்று பார்க்கிற அவர்களுடைய துல்லியக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். 'தங்கள் மகளின் ஃபைல் பரிசோதிக்கப்பட்டு, 99.2 விழுக்காடு சரியாக உள்ளது எனக் கண்டறியப்பட்டது. எனினும் தங்கள் மகளின் வாய் மேற்படி ஃபைலுடன் ஒத்துப்போகவில்லை எனத் தெரியவருகிறது. வாயில் உள்ள பிழையைத் தங்கள் தரப்பில் சரிசெய்துகொண்டு மீண்டும் அணுகவும்.'

என் மனைவி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு நிதானமாக, "எப்படிச் சரி பண்றதாம்? புள்ளயத் தலைகீழாப் போட்டு உள்பக்கத்த வெளிய இழுக்கவா, தலகாணி உறை மாதிரி?" என்று கேட்டாள். வாயாடி களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே கையால் மூடிக்கொண்டாள்.

அந்தக் கை மேலே போனதைப் பார்த்தேன் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பொறுமை போனது. மறுநாள் சனிக்கிழமை. காத்திருப்பு அறையில் இருபது முப்பது பேர், எல்லாரும் பிள்ளைகளோடு. நான் நடுவில் போய் நின்று உரக்கச் சொன்னேன். "உங்க புள்ளைங்க வாயத் திறந்து பாருங்க. அப்புறம் ஆப்ல இருக்கற படத்தப் பாருங்க. கோணப் பல்லு எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் பாருங்க."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பைத்தியமோ என்று பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மா தன் மகனின் தாடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "ஐயய்யோ!" என்று ஒரு சத்தம். அடுத்தவர் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் அந்த அறை முழுக்கப் பிள்ளைகள் ஆவென்று வாயைத் திறந்து நிற்க, பெற்றவர்கள் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் யாராவது வாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேஜைப் பெண்கள் அத்தனை பேரும் எட்டுப் பல்லோடு அப்படியே உறைந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். பெற்றோர்களை எல்லாம் அந்த இருட்டு அறையில் உட்கார வைத்தார்கள். பெரிய டாக்டர் மேடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நண்பர்களே, ஒரு சின்னக் குழப்பம். நாங்க ஒத்துக்கறோம். ஆனா ஃபைலை மாத்தற உரிமை எங்ககிட்ட இல்ல. ஃபைல் சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி வேற நாட்டுல இருக்கு. உங்க வாயை மாத்தற உரிமையும் எங்களுக்கு இல்ல, அது உங்களுக்குச் சொந்தம். நாங்க ராத்திரி பகலா யோசிச்சோம். ஃபைல் அவங்களோடது, வாய் உங்களோடது. ஆனா வார்த்தை? வார்த்தை யாருக்கும் சொந்தமில்ல! 'பல்லு போனா சொல்லு போச்சு'ன்னு அந்தக் காலத்துல சொன்னாங்க. நாங்க சொல்றோம், சொல்ல மாத்தினா பல்லு சரியாப் போச்சு!"

கை தட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள். சனிக்கிழமை ஐயய்யோ என்று கத்திய அந்த அம்மாவும் தட்டினார்.

சுற்றறிக்கை எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டது. 'இன்று முதல் இம்மருத்துவமனை வளாகத்துள் இடது எனப்படுவது வலது எனவும், வலது எனப்படுவது இடது எனவும் பொருள்கொள்ளப்படும். உடல் உறுப்புகள் அனைத்துக்கும் இது பொருந்தும்.' ஊழியர்கள் எல்லாருக்கும் கையில் பட்டை. வலது கையில் 'இடது' என்று எழுதிய பட்டை, இடது கையில் 'வலது'. ஒரு வாரம் அந்த இடம் அல்லோலகல்லோலப்பட்டது. லிஃப்ட் வலது பக்கம் என்று வாசல் காவலாளி வழி காட்டினார், போனவர்கள் எல்லாரும் கழிப்பறைக்குள் போய் நின்று பட்டனைத் தேடினார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் அதே காவலாளி "இடது ஒடிங்க, இடது ஒடிங்க" என்று கத்த, பெரிய டாக்டரின் கார் நேராகச் சுவரில் போய் முட்டியது. "என்னய்யா இப்படிச் சொல்லிட்ட?" என்று அவர் இறங்கி வந்து கேட்டார். காவலாளி தன் கைப்பட்டையைக் காட்டி, "சுற்றறிக்கைப்படி சரியாத்தான் சார் சொன்னேன். நீங்கதான் பழைய இடதுல ஒடிச்சிட்டீங்க" என்றார். பெரிய டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் வந்தது. ஃபைலில் வாயாடியின் பல் 'இடது' என்று இருந்தது. சுற்றறிக்கைப்படி இடது என்றால் வலது. ஆக, எடுக்க வேண்டிய பல்லைத்தான் எடுப்பார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாலும் தொடுவது மூக்கைத்தானே? வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். பல் பிடுங்க ஒருவர் வெளியிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருவார். ஃபைலில் பிடுங்க முடியாது என்பதால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் மனுசன் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அந்த வேற்று நாட்டுக் கம்பெனியிடமிருந்து. திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்த அன்றைக்கே ஆப் வழியாக அவர்களுக்கும் ஒரு புகார் எழுதிப் போட்டிருந்தேன். 'தங்கள் புகார் ஏற்கப்பட்டது. கண்ணாடிப் பிழை எல்லா ஃபைல்களிலும் திருத்தப்பட்டது.' எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாலு மாசம் நாயாக அலைந்ததற்கு எங்கோ ஒரு மனுசன் காது கொடுத்துவிட்டான். மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். வாயாடியிடம், "பாத்தியா, உங்கப்பன் சொன்னது கடல் தாண்டிப் போயி ஜெயிச்சிருக்கு" என்று மார்தட்டினேன். அவள் சிரித்தாள், கை மேலே போகவில்லை. பேருந்தில் போகும்போது வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். கிளிப்புக்கு என்ன நிறத்தில் ரப்பர் போடலாம், நீலமா பச்சையா, தோழிக்கு எந்த நிறம் பிடிக்கும், எனக்கு எது பிடிக்கும் என்று ஒரே பேச்சு. பழைய வாயாடி.

மருத்துவமனையில் டேப்லெட்டம்மா சம்மதச் சீட்டை நீட்டினார். 'எடுக்க வேண்டிய பல்: மேல்வரிசை, வலது.' வலது! நான் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தேன். நாலு மாசமாக அந்த ஒரு சொல்லுக்குத்தானே செத்தேன். சந்தோஷத்தில் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

சுற்றறிக்கை எனக்கு நேர் எதிரே, கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தது. அதை யாரும் கிழிக்கவில்லை. கிழிக்கச் சொல்லி இன்னொரு சுற்றறிக்கை வரவில்லை. நான் அதைப் பார்த்தேன், படிக்கக்கூடப் படித்தேன். ஆனால் வலது என்றால் வலது என்று நாற்பத்தேழு வருஷமாகத் தெரிந்த மனசு, வேறு எதையும் யோசிக்கவில்லை. திரும்பின எழுத்தை நேராகப் படிக்கிற என் கண் நேராக இருந்த எழுத்தில் கோட்டைவிட்டது. "உள்ள போ கண்ணு. அவங்க சொல்றபடி கேட்டுக்கோ, நீயா எதுவும் சொல்லிக் குழப்பாத. எல்லாம் சரி பண்ணிட்டாங்க" என்று நான்தான், இந்த வாயால்தான், அவளை அனுப்பி வைத்தேன்.

இருபது நிமிஷத்தில் வெளியே வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

வாயைத் திறக்கச் சொன்னேன். சிங்கப்பல் அது பாட்டுக்கு வலது பக்கம் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி நின்றது. எதிர்ப்பக்கம், அந்த டாக்டரம்மா அழகாக இருக்கிறது, கை வைக்க விடாதீர்கள் என்று சொன்ன வரிசையில், ரத்தத்தோடு ஒரு பள்ளம். உள்ளே ஓடினேன். பல் பிடுங்குகிறவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முகத்தை மூடுகிற பச்சைத் துணியில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் தெரிகிற பல்லைத்தான் பிடுங்குவாராம். ஓட்டையை எந்தப் பக்கம் போடுவது என்பதை, தலைமாட்டில் நிற்கிற நர்ஸ் தன் கைப்பட்டையைப் பார்த்து முடிவு செய்வாராம். "சீட்டுல வலதுன்னு இருந்துச்சு, வலதுன்னு பட்டை இருக்கற பக்கம் எடுத்தேன். எனக்கு இன்னும் ஒம்பது பேர் இருக்காங்க" என்றார்.

பெரிய டாக்டரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன். பிடுங்கின தட்டிலிருந்து எடுத்துவந்த பல்லை அவர் மேஜைமேல் வைத்தேன். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இடது பக்கப் பல்ல எடுத்துட்டாங்க சார்."

"எந்த இடது?"

"இடது சார்! இதயம் இருக்கற பக்கம்!"

"அப்ப சுற்றறிக்கைப்படி வலது. ஒரு நிமிஷம் இருங்க." திரையைப் பார்த்தார். "கம்பெனி திருத்தின ஃபைல் வலதுன்னு சொல்லுது. சீட்டும் வலதுன்னு சொல்லுது. கீழ கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"ஃபைல் சரி, சீட்டு சரி, சுற்றறிக்கை சரி, கையெழுத்தும் சரி. இன்னிக்குத்தான் முதல் தடவையா நூத்துக்கு நூறு வந்திருக்கு. இதுல தப்பு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"அவ வாய்ல இருக்கு சார்."

"அதைத்தானே எங்க கமிட்டி அன்னிக்கே எழுதிச்சு" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "கவலைப்படாதீங்க. அந்தப் பக்கமும் ஒண்ணு எடுத்துட்டா ரெண்டு பக்கமும் சமமாயிடும். அதுக்கப்புறம் எது இடது எது வலதுங்கற பிரச்சினையே வராது."

த்தூ என்று துப்பியிருக்க வேண்டும். வாய் வறண்டுபோயிருந்தது, துப்பக்கூட ஒன்றும் வரவில்லை. மேஜைமேல் இருந்த பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முழுசாக, வெள்ளையாக, ஒரு கறை இல்லாத பல்.

வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட இந்தக் கையைத்தான் முதலில் வெட்ட வேண்டும். ஆனால் வாயில் வந்தது என்னவோ அவளைக் குற்றம் சொல்கிற மாதிரிதான் வந்தது.

"ஏன்டா கண்ணு, உனக்குத் தெரியுமே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வாயிலிருந்த பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னேம்ப்பா. இந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் இல்லன்னு கத்தினேன். வாய்ல அவங்க கை இருந்துச்சுல்ல, ஆ ஆன்னுதான் வந்துச்சு. வெரி குட், இன்னும் நல்லாத் திறன்னு சொன்னாங்க. நீ அவங்க சொல்றபடி கேக்கச் சொன்னியே, அதனால திறந்தேன்."